மனு பாக்கரின் பிஸ்டலும் ஒரு மில்லிமீட்டரும்

கேள்வி: பாரிஸ் ஒலிம்பிக் துப்பாக்கி சுடுதலில் இரண்டு வெண்கலம் வென்ற மனு பாக்கர், டோக்கியோ ஒலிம்பிக்கில் பிஸ்டல் பழுதாகித் தோற்றார் என்கிறார்கள். ஸ்பேர் பிஸ்டலை எடுத்துச் சுட்டிருக்கலாமே? (வாசகர், திருச்சி)

பதில்: ஸ்பேர் எடுப்பது சொல்வதுபோல் சுலபமில்லை. கிரிப் (கைப்பிடி) கைக்கேற்பச் செதுக்கப்பட்டது. சைட்டும் (குறிபார்க்கும் அமைப்பு) ட்ரிக்கரும் அந்தந்தப் பிஸ்டலுக்குத் தனித்தனியாக செட் செய்யப்பட்டவை. மாற்றினால் மறுபடி ஜீரோ பார்க்க வேண்டும்; அதாவது, குண்டு குறியில் விழும்படி சைட்டைச் சரிசெய்ய வேண்டும். 10 மீட்டர் ஏர் பிஸ்டல் தகுதிச்சுற்றில் 60 குண்டுகளுக்கு 75 நிமிடம்தான். 2021 ஜூலை 25 அன்று பிஸ்டல் பழுதானபோது மனுவுக்கு 44 குண்டுகள் பாக்கி. சரிசெய்து திரும்பியபோது 40 நிமிடம்கூட மிச்சமில்லை. கூடுதல் நேரமும் தரப்படவில்லை. குண்டுக்கு ஒரு நிமிடத்துக்கும் குறைவு. வேகமாகச் சுடுபவர்களுக்கு அது போதும். ஆனால் கை நடுங்கினால் பிஸ்டலை இறக்கி, மூச்சுவிட்டு, மறுபடி தூக்கும் அவகாசம் போய்விடும். அந்த நெருக்கடியிலும் 575 புள்ளி எடுத்தார். இறுதிச்சுற்று 2 புள்ளியில் நழுவியது. என்னைக் கேட்டால், அவருடைய ஆகச்சிறந்த ஆட்டங்களில் இதற்கும் இடமுண்டு.

பாரிஸில் அதே பிரிவில் தகுதிச்சுற்றில் 580, இறுதியில் 221.7. வெள்ளிக்கான போட்டியில் நீடிக்கும் வாய்ப்பு 0.1 புள்ளியில் போனது. சரப்ஜோத் சிங்குடன் கலப்பு அணியில் அடுத்த வெண்கலம்.

கேள்வி: மகள் ஏர் பிஸ்டல் பழகுகிறாள். வலது கைக்காரி. குண்டுகள் இடது கீழ்ப்பக்கமே விழுகின்றன. சைட்டைத் திருப்பலாமா? (வாசகி, மதுரை)

பதில்: இப்போது சைட்டைத் தொடாதீர்கள். பெரும்பாலும் இது ட்ரிக்கரை வெடுக்கென்று இழுப்பதால் வருவது. விரலோடு சேர்ந்து மணிக்கட்டும் இறங்கிவிடும். முன்சைட்டுக்கும் பின்சைட்டுக்கும் இடைவெளி ஏறக்குறைய 33 செ.மீ. அங்கே 1 மி.மீ. பிசகினால் 10 மீட்டர் தள்ளி 3 செ.மீ. விலகும். 10 புள்ளி விழ வேண்டிய இடத்தில் 7 விழும். டார்கெட்டின் 10 வளையமே 11.5 மி.மீ. விட்டம்தான்.

கோச் பார்த்துக்கொண்டிருக்க, பெல்லட் (குண்டு) போடாமல் வெள்ளைச் சுவரைப் பார்த்து டிரை ஃபயர் செய்யட்டும். கண் முன்சைட்டின் மேல் விளிம்பிலேயே நிற்கட்டும். விதிப்படி ட்ரிக்கரை இழுக்கத் தேவையான அழுத்தம் 500 கிராமுக்குக் குறையக்கூடாது. அந்த அழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றி, 'டக்' என்ற பிறகும் இரண்டு விநாடி கையை அப்படியே வைத்திருக்க வேண்டும். டக் சத்தத்தில் முன்சைட் குதித்தால் பிழை விரலில். அது அசையாமலிருந்தும் பேப்பரில் குண்டுகள் ஒரே இடத்தில் கூட்டமாக விலகி விழுந்தால், அப்போது சைட்டைத் திருப்புங்கள்.