தோல் ஜாக்கெட்: எழுத்தை நம்பலாமா?

கேள்வி: குளிர்நாட்டுக்கு வேலைக்குப் போகும் மகனுக்குத் தஞ்சாவூர்க் கடையில் ஜாக்கெட் பார்த்தோம். ‘ஜெனியூன் லெதர்’ என்று எழுதியிருக்கிறது. வாங்கலாமா?
- வாசகி, மன்னார்குடி

பதில்: அந்த எழுத்து தரத்தைச் சொல்லாதும்மா. தோலைக் கிடையாகப் பிளந்தால் மேலடுக்குதான் உறுதி. அடியடுக்கின் மேல் பிளாஸ்டிக் பூச்சு பூசியதையும் அதே பெயரில் விற்கிறார்கள். முழங்கை மடிப்பில் பூச்சு உரியும்.

பெருவிரலால் அழுத்துங்கள். நல்ல தோலில் விரலைச் சுற்றி மெல்லிய சுருக்கங்கள் ஓடும், ரெக்சினில் வெறும் குழி விழும். மயிர்த்துளைகள் ஒரே சீராக, அச்சடித்த மாதிரி இருந்தால் சந்தேகப்படுங்கள். தைக்காத ஓரம் எங்காவது தெரிந்தால் பாருங்கள்: நார் நாராக இருந்தால் தோல், துணி நெசவு தெரிந்தால் ரெக்சின். தோல்தூளைப் பசையில் ஒட்டிய ‘பாண்டட்’ ரகம் வேண்டவே வேண்டாம்.

செம்மறித்தோல் மென்மை, எளிதில் கிழியும். வெள்ளாட்டுத்தோல் உழைக்கும், மகனுக்கு அதையே சொல்வேன். பைக் ஓட்டுவதானால் 1 மில்லிமீட்டருக்குக் குறையாத மாட்டுத்தோல்.

அவர் கிளம்பும்வரை பிளாஸ்டிக் உறையில் வைக்காதீர்கள். ஐப்பசி அடைமழையில் நம் டெல்டா ஈரத்துக்குப் பூசணம் பிடித்துவிடும். அகலமான ஹேங்கரில் மாட்டி, பருத்தித் துணியால் மூடுங்கள். பூத்தால் உலர்துணியால் துடைத்து நிழலில் காற்றாட விடுங்கள். வெயிலில் போட்டால் எண்ணெய்ப் பசை வற்றி வெடிக்கும்.