கருப்பையில் உள்ள நோய் எதிர்ப்புச் செல்கள் குழந்தையைத் தாக்காதா?

குழந்தையின் மரபணுவில் பாதி அப்பாவுடையது, பிறகு ஏன் தாயின் உடல் அதை அந்நியமாக நினைத்துத் தாக்குவதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி, 1953-லேயே நோய் எதிர்ப்பு அறிவியலாளர் பீட்டர் மெடாவர் எழுப்பிய கேள்வி இது.

முதல் மூன்று மாதங்களில் கருப்பையின் உட்படலத்தில் உள்ள வெள்ளையணுக்களில் ஏறத்தாழ 70 சதவீதம் 'இயற்கைக் கொல்லி' செல்கள்தான். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இவை இரத்தத்தில் ஓடும் கொல்லி செல்களைப் போல கொல்வதில் தீவிரம் காட்டுவதில்லை. கருப்பையின் சுருள் தமனிகளின் தசைச்சுவரைத் தளர்த்தி, நஞ்சுக்கொடியிலிருந்து ஊடுருவி வரும் செல்களோடு சேர்ந்து அவற்றை அகலமாக்கி, நஞ்சுக்கொடிக்குத் தாயின் இரத்தம் தாராளமாகப் போக வழி செய்கின்றன. அந்த நஞ்சுக்கொடி செல்களும் எச்எல்ஏ-ஜி என்ற புரதத்தைத் தங்கள் மேல் காட்டி, தாக்குதல் வராமல் பார்த்துக்கொள்கின்றன. தமனிகள் போதுமான அளவு விரியாமல் போனால்தான் சிக்கல்: தாய்க்கு இரத்த அழுத்தம் ஏறும் முன்சூல்வலிப்பு வரலாம், குழந்தையின் வளர்ச்சி குறையலாம்.

அப்புறம் ஒன்று, கருச்சிதைவுக்குப் பிறகு யாராவது இரத்தத்தில் இந்தக் கொல்லி செல்களை எண்ணச் சொன்னால், கொஞ்சம் நிறுத்தி ஏன் என்று கேளுங்கள். இரத்தத்தில் இருப்பவை வேறு, கருப்பையில் இருப்பவை வேறு. அந்த எண்ணிக்கை உள்ளே நடப்பதைச் சொல்லாது.