குருமனையில் ஆளில்லாத நாட்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

தூத்துக்குடிப் பக்கம் ஒரு கிராமத்துச் சபையில் செயலாளராக இருக்கிறேன். என் பெயரும் ஊர்ப் பெயரும் வேண்டாம். எங்கள் ஐயருக்கு, அதாவது சபைப் போதகருக்கு, மே மாதம் மாறுதல் வந்தது. அடுத்து வரவேண்டியவர் உடல்நிலை சரியில்லாமல் வரவில்லை. ஐந்து மாதமாகப் பக்கத்துச் சேகரத்து (ஒரு ஐயரின் பொறுப்பில் உள்ள சபை வட்டம்) ஐயர்தான் பொறுப்பு. மாதம் ஒருமுறை வந்து திருவிருந்து கொடுத்துவிட்டு, அடுத்த ஊர் ஆராதனைக்கு பைக்கில் பறக்கிறார். மற்ற ஞாயிறுகளில் உபதேசியார். கோயிலுக்கு வருகிற கூட்டம் பாதியாகிவிட்டது. பிள்ளைகள் பைபாஸ் ஓரத்து ஜெபவீட்டுக்குப் போகிறார்கள். பழைய ஐயரையே திரும்ப அனுப்பச் சொல்லி அத்தியட்சருக்கு (பிஷப்புக்கு) ஒரு மனு சுற்றுகிறது. செயலாளர் கையெழுத்து இல்லாவிட்டால் எடுபடாது என்று என்னை நெருக்குகிறார்கள். எனக்கும் அவர்மேல் அன்பு உண்டு. இன்னும் வாரம் ஒருமுறை அவரிடம் போனில் பேசுகிறேன், கமிட்டி விஷயம் உட்பட. என் அம்மா தினமும் "மேய்ப்பன் இல்லாத ஆடா ஆயிட்டோமே" என்று அழுகிறார்கள். நான் கையெழுத்துப் போடலாமா? புது ஐயர் வரும்வரை நாங்கள் என்னதான் செய்வது?

(பெயர் நீக்கப்பட்டது)

அன்புள்ள தம்பி,

கையெழுத்துப் போடாதீர்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன். அதற்கு முன் ஒரு முருங்கை மரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் எட்டாம் வகுப்பு படித்த வருஷம் எங்கள் ஊரில் ஐயர் குடியிருக்கும் குருமனை ஏழு மாதம் பூட்டிக் கிடந்தது. தேரி மண் ஊர். இருந்த ஐயர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். அடுத்தவரைப் போடுவதற்குள் மேலே ஏதோ வழக்கு. அதன் தலையும் வாலும் எங்களுக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம் குருமனை முற்றத்து முருங்கை அந்த வருஷம் காய்த்துத் தள்ளியது என்பதுதான். ஐயர் இருந்தவரை ஐயரம்மா பறித்து, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் கொடுத்தனுப்புவார்கள். இப்போது காய் யாருக்கு? கோயில் வேலைகளைப் பார்க்கிற கோயில்குட்டித் தாத்தா நாலு காய் பறித்தார். கமிட்டிக்காரர் ஒருவர் தடுத்தார். ஏலம் விட்டுக் கோயில் கணக்கில் சேர்க்க வேண்டும் என்றார் இன்னொருவர். ஏலத்தை யார் நடத்துவது என்று அடுத்த வாரம் பேசினார்கள். ஒரு முழுக் கூட்டம் போட்டுத் தீர்மானம் எழுதி முடிப்பதற்குள் காய் முற்றி மரத்திலேயே வெடித்துவிட்டது.

அப்போது எங்களுக்கு அது பெரிய வேடிக்கை. இந்தச் சண்டையெல்லாம் ஐயர் இருக்கும்போது எங்கே இருந்தது என்று வெகுநாள் கழித்துத்தான் யோசித்தேன். அவர்மேலேயே இருந்திருக்கிறது. "ஐயர் சரியில்லை", "ஐயர் அந்தத் தெருவுக்கே போகிறார்", "ஐயர் அவன் பேச்சைத்தான் கேட்கிறார்". ஒரு சேகரத்தின் பொறாமைகளெல்லாம் ஒரே ஆளின் தலையில் இறங்கிக்கொண்டிருந்தன. அந்தத் தலை நகர்ந்ததும் மிச்சமிருந்தது முருங்கை மரம். உங்கள் ஊரில் இப்போது எழுந்திருக்கும் சண்டைகளை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பாதிக்கு மேல் மே மாதத்துக்கு முந்தியே இருந்தவையாகத்தான் இருக்கும்.

ஐயர் போகும்போது இன்னொன்றும் அவரோடு போகிறது. கோயில் கணக்கு, ஞானஸ்நானப் பதிவேடு, கல்யாணப் பதிவேடு, கல்லறைப் பதிவேடு எல்லாம் பீரோவில் பத்திரமாக இருக்கும். எந்த வீட்டில் படுத்த படுக்கையாக ஒரு பாட்டி இருக்கிறாள், எந்த அண்ணன் தம்பி பத்து வருஷமாகப் பேசுவதில்லை, எந்தப் பையன் குடித்துவிட்டு வந்து தாயை அடிக்கிறான் என்பதற்கெல்லாம் எந்தப் பதிவேடும் கிடையாது. அது ஐயரின் மண்டைக்குள் இருந்தது. வீட்டுச் சாமான்களை லாரியில் ஏற்றிய அன்று அதுவும் ஏறிப் போய்விட்டது. கூட்டம் குறைந்ததைவிட இதுதான் பெரிய இழப்பு என்பேன்.

நம் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளில் மாறுதல் புதிது இல்லை. அத்தியட்சர் நியமிக்கிறார், சில வருஷத்தில் இன்னொரு சேகரத்துக்கு மாற்றுகிறார். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் குடும்பம் நகர வேண்டும் என்பதால் பெரும்பாலும் மே மாதம். பாப்டிஸ்டு சபை போன்றவற்றில் சபையாரே ஆள் தேடி அழைக்கிறார்கள். அங்கே இந்த இடைவெளி இன்னும் நீளும். அமெரிக்கப் பிரஸ்பிட்டேரியன் சபைகளில் இதற்கென்றே இடைக்காலப் போதகர் என்று ஒருவரை வைப்பதுண்டு. நிரந்தரமாகத் தங்கப் போவதில்லை என்று தெரிந்தே வருகிறவர். பழைய போதகரின் நிழல் கலைவதற்கு அவகாசம் கொடுப்பதுதான் அவர் வேலையில் பாதி. நமக்கு அப்படி ஒரு ஏற்பாடு இல்லை. நமக்கு உபதேசியார் இருக்கிறார், குருப்பட்டம் இல்லாமல் ஜெபம் நடத்துகிறவர்.

அவரை நீங்கள் ஒரே வார்த்தையில் கடந்துவிட்டீர்கள். "மற்ற ஞாயிறுகளில் உபதேசியார்." அவ்வளவுதான். நம் பக்கத்துச் சபைகள் உருவான கதையை எடுத்துப் பார்த்தால், ஐயர் இருந்த நாட்களைவிட உபதேசியார் இருந்த நாட்கள்தான் அதிகம்.

1802-ல் ஜெர்மன் மிஷனரி கெரிக்கே ஐயர் திருநெல்வேலிச் சீமையில் சுற்றி வந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். மறு வருஷமே இறந்துவிட்டார். 1816-ல் ஜேம்ஸ் ஹஃப் பாளையங்கோட்டைக்கு வரும்வரை, நிலையாக ஊன்றி நின்று கவனித்த வெள்ளைக்கார மிஷனரி என்று ஒருவரும் இல்லை. ரிங்கல்தௌபே என்ற ஜெர்மன் மிஷனரி கொஞ்ச காலம் பார்த்துக்கொண்டார், அப்புறம் அவரும் திருவிதாங்கூர்ப் பக்கம் போய்விட்டார். விரல்விட்டு எண்ணக்கூடிய நாட்டையர்மாரும் (நம் நாட்டுக் குருமார்) உபதேசியார்களும் பனையோலைக் கோயில்களில் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பலர் பழைய வழிக்குத் திரும்பியதும் உண்மை. ஆனாலும் ஹஃப் வந்து எண்ணிப் பார்த்தபோது மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். உங்களுக்கு ஐந்து மாதம், அவர்களுக்குப் பத்து வருஷத்துக்கு மேல்.

தெற்கே கன்னியாகுமரிப் பக்கம் மயிலாடியில் இதைவிட நெருக்கமான ஒரு கதை. ரிங்கல்தௌபே 1816-ல் உடல்நலம் கெட்டுக் கிளம்பினார். கப்பலேறிப் போனவருக்குக் கடைசியில் என்ன ஆயிற்று என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. போகும்போது சபைகளை மயிலாடிக்காரரான வேதமாணிக்கத்தின் கையில் கொடுத்துவிட்டுப் போனார். ரிங்கல்தௌபேயை மயிலாடிக்கு வரவழைத்ததே இந்த வேதமாணிக்கம்தான். 1818-ல் மீட் ஐயர் வந்து சேரும்வரை சபைகளைக் கட்டிக் காத்தவரும் அவர்தான்.

உபதேசியார் எதையெல்லாம் செய்ய முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். திருவிருந்து நடத்த முடியாது. அதற்கு அபிஷேகம் பெற்ற குருவானவர் வேண்டும். கல்யாணம் நடத்த முடியாது. 1872-ம் வருஷத்து இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி குருப்பட்டம் பெற்றவரோ, அரசு உரிமம் பெற்றவரோ, அரசு நியமித்த திருமணப் பதிவாளரோதான் நடத்தி வைக்கலாம். ஆகவே ஓலை வாசிப்பதற்கு (கோயிலில் கல்யாண அறிவிப்புச் சொல்வதற்கு) முன்னால் பொறுப்பு ஐயரிடம் நாள் கேட்டுவிடுங்கள். பெண் வீட்டார் பந்தக்கால் நட்ட பிறகு கேட்காதீர்கள். மற்றபடி அடக்க ஆராதனை, காலை மாலை ஜெபம், ஓய்வுநாள் பள்ளி, வீட்டு ஜெபம் எதுவும் நிற்க வேண்டியதில்லை. ஆபத்து வேளையில் ஞானஸ்நானம்கூடச் சபையார் ஒருவரே கொடுக்கலாம்.

இன்னொரு வித்தியாசத்தை நான் அந்த ஏழு மாதத்தில் காதால் கண்டுபிடித்தேன். ஐயர் பாவமன்னிப்புச் சொல்லும்போது "உங்களுக்கு" என்பார். ஆசீர்வாதம் சொல்லும்போது கையைத் தூக்கி "உங்களோடே" என்பார். எங்கள் உபதேசியார் கையைத் தூக்கமாட்டார். "நமக்கு" என்பார், "நம்மோடே" என்பார். அவருக்குக் குருப்பட்டம் இல்லை, அதனால் அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று ஓய்வுநாள் பள்ளி டீச்சர் விளக்கினார்கள். அது ஒரு குறை என்று அவர்கள் குரலிலேயே தெரிந்தது. எனக்கோ அந்த "நமக்கு" பிடித்துப் போயிற்று. சாக்பீஸ் ஒட்டிய கையோடு கோயிலுக்கு வருகிற மனுஷர், எங்களோடு சேர்ந்து தனக்கும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு புது ஐயர் வந்து முதல் ஞாயிறு "உங்களுக்கு" என்று சொன்னபோது, பொய் சொல்லக்கூடாது, கொஞ்சம் அந்நியமாக இருந்தது.

பிரசங்கம் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. இந்த மாதிரி நாட்களில் வெளியிலிருந்து பேச வருகிறவர்கள் எல்லோரும் யோசுவா முதலாம் அதிகாரத்தைத்தான் எடுப்பார்கள். "என் தாசனாகிய மோசே மரித்துப்போனான்." எங்களுக்கு ஏழு மாதத்தில் நாலு தடவை வந்தது. எங்கள் மோசே அப்போது பாளையங்கோட்டையில் மகன் வீட்டில் நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

சரி, மனுவுக்கு வருகிறேன்.

ரேனியஸ் என்ற ஜெர்மன் மிஷனரியின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1820-ல் பாளையங்கோட்டைக்கு வந்தவர். திருநெல்வேலியில் அவரளவு சபைகளை வளர்த்தவர் அன்று இல்லை. ஆங்கிலத் திருச்சபையின் முறைகளை விமர்சித்து எழுதியதில் தகராறு முற்றி, 1835-ல் அவரை அனுப்பியிருந்த மிஷன் சங்கம் (சி.எம்.எஸ்.) அவரை நீக்கிவிட்டது. அவர் ஆற்காட்டுப் பக்கம் போனார். அவரை விரும்பிய உபதேசியார்களும் சபையாரும் திரும்பி வரும்படி அழைத்தார்கள், வந்தார். அன்போடுதான் அழைத்தார்கள், அன்போடுதான் வந்தார். ஆனால் அந்த அன்பினால் ஊருக்கு ஊர் சபை இரண்டானது. இந்தப் பக்கம் சங்கத்தார், அந்தப் பக்கம் ரேனியஸ் ஐயர் ஆட்கள். 1838-ல் அவர் இறந்த பிறகுதான் பிளவு மெல்ல மூடியது. அவர் பக்கம் நியாயம் இருந்தது என்றே நான் நினைக்கிறேன். நியாயம் இருந்தும் இதுதான் நடந்தது.

உங்கள் ஐயரை யாரும் நீக்கவில்லை. முறையாக மாற்றலாகி இன்னொரு சேகரத்தில் வேலை பார்க்கிறார். இப்போது அவருக்கு அங்கேயும் ஒரு செயலாளர் இருப்பார், அங்கேயும் ஒரு படுத்த பாட்டி இருப்பாள். மனு ஜெயித்தால் அந்த ஊர் உங்களைப் போல ஆகும். தோற்றால், புதிதாக வருகிறவர் தன்னை வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டவர்கள் நடுவில் முதல் பிரசங்கம் செய்ய வேண்டும். அந்தத் தாள் எப்படியும் அவர் கண்ணில் படும். நம் ஊரில் எந்தத் தாள்தான் கண்ணில் படாமல் இருந்திருக்கிறது?

மனுவைவிட எனக்கு உறுத்துவது உங்கள் வாராந்திர போன். கோபித்துக்கொள்ளாதீர்கள். சுகம் விசாரியுங்கள், அவர் பிள்ளைகளின் படிப்பைக் கேளுங்கள், கிறிஸ்மஸுக்கு வாழ்த்துச் சொல்லுங்கள். கமிட்டி விஷயத்தை அவரிடம் கேட்பதை இந்த வாரத்தோடு நிறுத்துங்கள். நீங்கள் கேட்டால் அவர் பதில் சொல்லாமல் இருக்க முடியாது. நல்லவர் வேறு. அவர் சொன்ன பதிலைத் திங்கட்கிழமை நீங்கள் கமிட்டியில் சொல்வீர்கள். பொறுப்பு ஐயர் வேறு மாதிரி சொல்லியிருப்பார். அப்புறம் பைக்கில் வருகிற அந்த மனுஷர் எதற்கு?

ஜெபவீட்டுக்குப் போகிற பிள்ளைகளை விட்டுவிடுங்கள். அங்கே கீபோர்டு நன்றாக இருக்கும், போகட்டும். அவர்களைப் பிடித்து வைக்க இப்போது புதிதாக எதையும் ஆரம்பிக்காதீர்கள், புதிதாக எதையும் கட்டவும் கட்டாதீர்கள். குருமனைக்கு டைல்ஸ் போடுகிறேன் என்று யாராவது கிளம்பியிருந்தால் வெள்ளையடிப்பதோடு நிறுத்தச் சொல்லுங்கள். கணக்கை மட்டும் மாதாமாதம் கோயில் கதவில் ஒட்டுங்கள். ஆளில்லாத நாட்களில் கிளம்புகிற சந்தேகங்களில் முக்கால்வாசி காணிக்கைப் பணத்தைப் பற்றியதுதான். அது உண்மையாக இருக்கவேண்டும் என்றுகூட அவசியமில்லை.

அம்மாவுக்கு ஒரு வேலை கொடுங்கள். உங்கள் ஊரில் பெண்கள் கோயிலுக்காக வீடுகளில் பிடியரிசி எடுக்கிறார்கள்தானே? வீடு வீடாகப் போய் அரிசி வாங்கிய பெண்களுக்குத் தெரியாத வீடு கிடையாது. ஐயரோடு லாரியில் போனது என்று சொன்னேனே, அதில் பெரும்பகுதி உங்கள் அம்மாவிடம் இருக்கும். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, அம்மா சொல்லச் சொல்ல எழுதுங்கள். யார் படுக்கையில், யாருக்கு ஆஸ்பத்திரி, யார் தனியாக இருக்கிறார், யாருக்கு வீட்டிலேயே திருவிருந்து கொடுக்க வேண்டும். பொறுப்பு ஐயர் அடுத்த மாதம் வரும்போது அந்த நோட்டைக் கையில் கொடுத்து, இரண்டு வீட்டுக்காவது பைக்கில் நீங்களே முன்னால் போய் வழி காட்டுங்கள். யார் யாரோடு பேசுவதில்லை என்பதை மட்டும் அதில் எழுத வேண்டாம். புது ஐயர் வந்து தானே தட்டுத் தடுமாறித் தெரிந்துகொள்ளட்டும். நாம் எழுதினால் நம் பக்கத்தைத்தான் எழுதுவோம்.

உபதேசியாருக்கு இந்த ஐந்து மாதமும் பெட்ரோலுக்கு யாராவது ஏதாவது கொடுத்தீர்களா? கேட்டுப் பாருங்கள். அவராக வாய் திறந்து சொல்லமாட்டார்.

உங்கள் குருமனையிலும் முருங்கை நின்றால் காயைக் கோயில்குட்டிக்கே விட்டுவிடுங்கள். தீர்மானம் எழுத வேண்டாம்.

அன்புடன்,
அக்கா