வாசகர் கேள்வி–பதில்: பிரெஸ்டன் தொழிற்சாலைப் பெண்களின் கால்பந்து அணி

நூறாண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் ஒரு மகளிர் கால்பந்து ஆட்டத்தைக் காண 53,000 பேர் திரண்டார்கள் என்று சென்ற இதழில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஆட்டத்தில் வென்ற டிக், கெர் மகளிர் அணியைப் பற்றியே இம்முறை ஏராளமான கடிதங்கள் வந்திருப்பதால், மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளி வைத்திருக்கிறேன்.

ஒரு பெண்கள் அணிக்கு ‘டிக், கெர்’ என்ற பெயர் எப்படி வந்தது? அதைத் தொடங்கியவர் யார்? (வாசகி, திண்டுக்கல்)

அது ஒரு தொழிற்சாலையின் பெயர். லங்காஷயர் மாவட்டத்தில் பிரெஸ்டன் நகரில் இருந்த டிக், கெர் நிறுவனம் டிராம் வண்டிகளையும் அவற்றுக்கான கருவிகளையும் செய்துவந்தது. முதல் உலகப் போர் தொடங்கியபின் அங்கே பீரங்கிக் குண்டுகள் தயாராயின. ஆண்கள் போர்முனைக்குச் சென்றுவிட்டதால் இயந்திரங்களின் முன்னால் பெண்கள் வந்து நின்றார்கள். தேநீர் இடைவேளையில் தொழிற்சாலை முற்றத்தில் பந்து உதைப்பது அவர்களுக்குப் பழக்கமாயிற்று. 1917-இல் உடன் வேலை செய்த ஆண்களோடு ஒரு ஆட்டம் ஆடினார்கள். பெண்களைத் திரட்டி அதற்கு முன்னின்றவர் கிரேஸ் சிபர்ட் என்ற தொழிலாளி. அலுவலகப் பிரிவில் பணியாற்றிய ஆல்ஃபிரட் ஃப்ராங்க்லாண்ட் இவர்களின் ஆட்டத்தைக் கவனித்து, அணியை நிர்வகிக்கும் பொறுப்பை ஏற்றுக்கொண்டார்.

அவ்வாண்டு கிறிஸ்துமஸ் அன்று, பிரெஸ்டன் ஆண்கள் கழகத்தின் சொந்த மைதானமான டீப்டேலில், இன்னொரு தொழிற்சாலைப் பெண்களோடு முதல் பொதுப் போட்டி நடந்தது. பத்தாயிரம் பேர் பார்க்க, டிக், கெர் அணி 4–0 என்று வென்றது. வசூலான தொகை காயமுற்ற போர்வீரர்களின் மருத்துவமனைக்குச் சென்றது. பிறர்க்கு உதவும் நிதிக்காக ஆடுவது என்ற இந்த வழக்கம் அன்று தொடங்கி அணியின் கடைசி நாள் வரை நீடித்தது. பின்னால் இந்தப் பெண்கள் மீது சுமத்தப்பட்ட குற்றச்சாட்டைப் படிக்கும்போது இதை மறந்துவிடக் கூடாது.

பெண்கள் கால்பந்து ஆடியது உலகில் அதுவே முதல் முறையா? (வாசகர், கும்பகோணம்)

இல்லை. 1895-லேயே லண்டனில் பிரிட்டிஷ் லேடீஸ் என்ற கழகம் பொதுமக்கள் முன்னிலையில் ஆடியிருக்கிறது. போர்க்காலத்திலும் வேறு பல தொழிற்சாலைகளில் பெண்கள் அணிகள் இருந்தன. போர் முடிந்து ஆண்கள் திரும்பியதும் அவற்றில் பல கலைந்துபோயின. டிக், கெர் அணி கலையவில்லை என்பதுதான் அதன் தனிச்சிறப்பு.

53,000 பேர் என்பது மிகைப்படுத்தப்பட்ட கணக்கு போலத் தோன்றுகிறது. அந்த ஆட்டத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல முடியுமா? (வாசகர், ஈரோடு)

மிகையில்லை. அந்த அளவு ஆதரவு திடீரென்று வந்துவிடவும் இல்லை. 1920-இல் பிரான்ஸ் நாட்டிலிருந்து ஆலிஸ் மில்லியாவின் தலைமையில் ஒரு மகளிர் அணி இங்கிலாந்துக்கு வந்து டிக், கெர் அணியோடு ஆடியபோது டீப்டேலில் 25,000 பேர் கூடினார்கள். அதே ஆண்டின் பிற்பகுதியில் பிரெஸ்டன் பெண்கள் பிரான்சுக்குப் போய் ஆடித் திரும்பினார்கள். அதுவரை தம் ஊரைத் தாண்டியே அதிகம் சென்றறியாத ஆலைத் தொழிலாளிகள் பாரிஸ் நகரத்து மைதானத்தில் பல்லாயிரவர் முன்னால் நின்றதை எண்ணிப் பார்க்கும்போது, எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கிறது.

அவ்வாண்டு டிசம்பரில் டீப்டேலில் ஓர் இரவு ஆட்டமும் நடந்தது. மைதானங்களில் மின்விளக்குக் கோபுரங்கள் இல்லாத காலம் அது. போரில் எதிரி விமானங்களைத் தேடப் பயன்பட்ட ஒளிவீச்சு விளக்குகள் இரண்டை, அப்போது போர்த்துறை அமைச்சராக இருந்த வின்ஸ்டன் சர்ச்சிலின் அனுமதியோடு கொண்டுவந்து நிறுத்தினார்கள். பந்து இருட்டில் கண்ணுக்குப் புலப்பட வேண்டும் என்பதற்காக அதன் மீது வெள்ளையடித்தார்கள். பன்னிரண்டாயிரம் பேர் குளிரில் நின்று அதைப் பார்த்தார்கள்.

சில நாட்கள் கழித்து, 1920 டிசம்பர் 26 அன்று, லிவர்பூல் நகரின் குடிசன் பார்க் மைதானத்தில் செயின்ட் ஹெலன்ஸ் மகளிர் அணியோடு போட்டி. உள்ளே 53,000 பேர். இடமில்லாமல் வெளியே நின்றவர்கள் பல்லாயிரம். வழக்கமாக கோல் அடிக்கும் ஃப்ளோரி ரெட்ஃபோர்ட் ரயிலைத் தவறவிட்டுவிட்டார். முதல் பாதியில் ஜென்னி ஹாரிஸ் ஒரு கோல் போட்டார். இரண்டாம் பாதியில், தற்காப்பு வரிசையில் ஆடும் அணித்தலைவி ஆலிஸ் கெல் முன்களத்துக்கு வந்து மூன்று கோல்கள் அடிக்க, ஆட்டம் 4–0 என்று முடிந்தது. அன்று சேர்ந்த நிதி மூவாயிரம் பவுண்டுக்கும் மேல்.

இவ்வளவு ஆதரவு இருந்தும் பெண்கள் கால்பந்துக்குத் தடை விதிக்கப்பட்டதாகப் படித்தேன். உண்மையான காரணம் என்ன? (வாசகி, நாகர்கோவில்)

1921 டிசம்பர் 5 அன்று இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. கால்பந்து பெண்களுக்குச் சற்றும் பொருந்தாத விளையாட்டு, அதை ஊக்குவிக்கக் கூடாது என்றும், வசூலாகும் பணத்தில் மிகையான பங்கு செலவுக்குப் போய், அறப்பணிகளுக்குப் போதிய பங்கு சேர்வதில்லை என்றும் அதில் சொல்லப்பட்டது. ஆகவே சங்கத்தில் உறுப்பு வகிக்கும் கழகங்கள் தம் மைதானங்களைப் பெண்களுக்குத் தர மறுக்க வேண்டும் என்று அது கேட்டுக்கொண்டது.

இதில் ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். பெண்கள் பந்தை உதைக்கக் கூடாது என்று சங்கம் சட்டம் போடவில்லை. அப்படிப் போட அதற்கு அதிகாரமும் இல்லை. அதன் கையில் இருந்தவை மைதானங்கள். இருக்கைகளும் நுழைவு வாயில்களும் சீட்டு விற்கும் அறைகளும் உள்ள மைதானங்கள் ஏறக்குறைய எல்லாமே உறுப்புக் கழகங்களுக்குச் சொந்தமானவை. அவற்றை மூடிவிட்டால் கூட்டம் நிற்க இடமில்லை. கூட்டம் இல்லையென்றால் வசூல் இல்லை. வசூல் இல்லாத அணி வெளியூர்ப் பயணத்துக்குக்கூட வழியின்றிப் போய்விடும்.

செலவைப் பற்றிய குற்றச்சாட்டைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். இவர்கள் வாரக் கூலியில் வாழ்ந்த பெண்கள். ஆட்டத்துக்காக வெளியூர் போனால் அன்றைய கூலி இல்லை. அதை ஈடுசெய்ய ஓர் ஆட்டத்துக்குப் பத்து ஷில்லிங், அதாவது அரை பவுண்டு, கொடுத்தார்கள். ஆண்கள் கழகங்களின் ஆட்டக்காரர்கள் வெளிப்படையாகச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த நாட்டில், இந்தப் பத்து ஷில்லிங் குற்றமாக எண்ணப்பட்டது என்பது எனக்கு இன்றளவும் ஆறாத வருத்தம்.

அப்படியானால் உள்நோக்கம் என்ன? அக்காலத்தை ஆராய்ந்தவர்கள் இரண்டு காரணங்களைச் சுட்டுகிறார்கள். ஆண்களின் தொழில்முறைப் போட்டிகள் 1920-லும் 1921-லும் மூன்றாம் பிரிவு வரை விரிவாக்கப்பட்டன. புதிதாகச் சேர்ந்த சிறு கழகங்களுக்குப் பார்வையாளர்கள் தேவைப்பட்ட அந்த நேரத்தில் பெண்கள் ஆட்டம் கூட்டத்தை ஈர்த்துக்கொண்டிருந்தது. 1921-இல் மட்டும் டிக், கெர் அணி அறுபதுக்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடியது. இரண்டாவது காரணம், 1921-இல் நிலக்கரிச் சுரங்க முதலாளிகள் கதவடைப்புச் செய்தபோது, பட்டினி கிடந்த சுரங்கத் தொழிலாளர் குடும்பங்களுக்காகப் பெண்கள் அணிகள் ஆடி நிதி திரட்டியது. போர்வீரர்களுக்காக ஆடிய காலம் வரை பாராட்டப்பட்டவர்கள், தொழிலாளர்களுக்காக ஆடத் தொடங்கியதும் சந்தேகத்துக்கு ஆளானார்கள். எனக்கு முதல் காரணமே வலுவானதாகப் படுகிறது. ஆளில்லாத மைதானத்தில் ஆடும் அணியைத் தடுக்க யாரும் தீர்மானம் போடுவதில்லை.

தடைக்குப் பிறகு அந்த அணி என்ன ஆயிற்று? (வாசகர், தூத்துக்குடி)

ஆடிக்கொண்டே இருந்தது. தடைக்கு மறு ஆண்டு, 1922-இல், கனடாவில் ஆடுவதற்காகக் கப்பலேறினார்கள். கரை இறங்கியதும், அந்நாட்டுச் சங்கமும் அனுமதி மறுத்துவிட்டது என்ற செய்தி காத்திருந்தது. அங்கிருந்து அமெரிக்காவுக்குப் போனால், எதிரே நிறுத்தப்பட்டவை ஆண்களின் அணிகள். ஒன்பது ஆட்டங்களில் மூன்றில் வென்று, மூன்றைச் சமன்செய்து, மூன்றில் தோற்று ஊர் திரும்பினார்கள்.

1926-இல் ஃப்ராங்க்லாண்டுக்கும் நிறுவனத்துக்கும் பிணக்கு ஏற்பட்டு அவர் வெளியேறியபின், அணியின் பெயர் பிரெஸ்டன் மகளிர் என்று மாறியது. ஆனால் பழைய பெயரை மக்கள் விடவில்லை. பொதுப் பூங்காக்களிலும் திறந்த வெளிகளிலும் ஆட்டங்கள் தொடர்ந்தன. ஃப்ராங்க்லாண்ட் ஏறத்தாழத் தன் வாழ்நாள் முழுவதும் அணியை விட்டு விலகவில்லை. அவருக்குப் பின் காத் லேத்தம் என்ற பெண்மணி பொறுப்பேற்றார். ஆடுவதற்குப் போதிய ஆட்கள் கிடைக்காமல் 1965-இல் அணி கலைந்தது. இன்னும் ஆறேழு ஆண்டுகள் தாக்குப்பிடித்திருந்தால், தடை நீங்கியதை அது கண்டிருக்கும். 1970-களின் தொடக்கத்தில்தான் சங்கம் மைதானங்களைத் திறந்துவிட்டது. வருத்தம் தெரிவிக்க அதற்கு 2008 வரை ஆயிற்று.

லில்லி பார் என்பவரே அந்த அணியின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்கிறார்களே? (வாசகி, புதுச்சேரி)

ஆம். 1905-இல் செயின்ட் ஹெலன்ஸில் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, அண்ணன் தம்பிகளோடு தெருவில் ஆடி வளர்ந்தவர். 1920-இல், பதினைந்து வயதை ஒட்டிய பருவத்தில் டிக், கெர் அணிக்கு வந்தார். நல்ல உயரம்; இடது காலால் அவர் உதைக்கும் பந்தின் வேகத்தைப் பற்றி அவ்வூரில் இன்றும் கதைகள் உலவுகின்றன. பின்னர் பிரெஸ்டனை அடுத்த விட்டிங்காம் மனநல மருத்துவமனையில் செவிலியராக வேலை பார்த்துக்கொண்டே 1951 வரை ஆடினார். முப்பது ஆண்டுகளில் அவர் அடித்த கோல்கள் தொள்ளாயிரத்தைத் தாண்டும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். 1978-இல் காலமானார். இங்கிலாந்தின் தேசியக் கால்பந்து அருங்காட்சியகம் 2002-இல் தன் புகழரங்கில் அவரைச் சேர்த்துக்கொண்டது. அதில் இடம்பெற்ற முதல் பெண் அவர்தான். மான்செஸ்டரில் உள்ள அந்த அருங்காட்சியகத்தில் 2019-இல் அவருக்குச் சிலையும் வைத்தார்கள்.

குடிசன் பார்க் கூட்டம் இன்னும் முறியடிக்கப்படாத சாதனையா? (வாசகர், சேலம்)

முறியடிக்கப்பட்டுவிட்டது. நாட்டு அணிகளின் போட்டிகளை விட்டுவிட்டு, மகளிர் கழகங்கள் இங்கிலாந்து மண்ணில் ஆடிய போட்டிகளை மட்டும் கணக்கிட்டால், அது நடந்தது 2023 மே மாதத்தில். முதலில் லண்டனில் ஆர்சனல் அணி ஜெர்மனியின் வோல்ஃப்ஸ்பர்க் அணியோடு ஆடியபோது 60,063 பேரும், இரண்டு வாரம் கழித்து வெம்ப்ளியில் செல்சீயும் மான்செஸ்டர் யுனைடெட்டும் கோப்பை இறுதியில் மோதியபோது 77,390 பேரும் வந்திருந்தார்கள். பிரெஸ்டன் தொழிலாளிப் பெண்கள் கூட்டிய கூட்டத்தைத் தாண்ட நூற்றிரண்டு ஆண்டுகளும் சில மாதங்களும் ஆகியிருக்கின்றன.