பொடி வாங்குமுன் வேரைப் பாருங்கள்

கேள்வி: நீலகிரி கேத்தியில் முக்கால் ஏக்கர் வைத்திருக்கிறோம். போன போகம் உருளைக்கிழங்குச் செடி திட்டுத்திட்டாகக் குன்றிவிட்டது. அடுத்துப் போட்ட கேரட் பாதிக்கு மேல் கிளைத்து, மயிர் வேரோடு வந்ததால் மண்டியில் கழித்துவிட்டார்கள். இரண்டுக்கும் மண்ணில் இருந்து வேரைத் தாக்கும் நூற்புழுதான் காரணம், அதை அழிக்கும் பூஞ்சணம் கலந்த இந்த உயிர்ப்பொடி போதும் என்கிறார் கடைக்காரர். பில் வேண்டாமென்றால் விலை குறைப்பாராம். வாங்கலாமா?

பதில்: பில் இல்லாமல் வேண்டாம் அம்மா. எந்தப் புழு என்று தெரியாமல் எந்தப் பொடியுமே வேண்டாம்.

உருளையைக் குன்றவைத்தது முட்டைக்கூடு நூற்புழுவாக இருக்கலாம். 1961-இல் ஊட்டி விஜயநகரம் பண்ணையில் கண்டுபிடித்த அந்தப் புழு இன்னும் நம் மலையை விட்டுப் போகவில்லை. அடுத்த முறை உருளை பூக்கும் சமயத்தில், வாடிய செடி ஒன்றை மண்ணோடு தோண்டி எடுத்து, வாளித் தண்ணீரில் மெல்ல அலசுங்கள். வேரில் குண்டூசித் தலையளவு வெள்ளை, மஞ்சள் மணிகள் ஒட்டியிருந்தால் அதுதான். அவை முற்றிப் பழுப்பாகி மண்ணில் உதிரும். ஒவ்வொன்றிலும் நூற்றுக்கணக்கான முட்டைகள். இருபது வருஷம்கூட உயிரோடு கிடக்கும்.

ஆனால் இது கேரட்டைத் தொடாது. கேரட்டில் வருவது வேர்முடிச்சு நூற்புழு. சல்லிவேரில் சின்னச் சின்ன முடிச்சுகள் தெரியும். முடிச்சே இல்லையென்றால், நிலத்துக் கல்லோ மக்காத சாணமோ கிளைக்க வைத்திருக்கும். அதற்குப் பொடி எதற்கு?

முடிச்சு இருந்தால் உயிர்ப்பொடி வாங்கலாம். பொட்டலத்தில் பதிவு எண், எந்தப் பயிருக்கு, எந்தப் புழுவுக்கு, ஒரு கிராமில் எத்தனை உயிருள்ள நுண்ணுயிர், காலாவதி தேதி எல்லாம் இருக்க வேண்டும். வெயில் படும் அலமாரியில் கிடந்ததை எடுக்காதீர்கள்; உள்ளே இருக்கும் பூஞ்சணம் செத்திருக்கும். நல்ல பொடியை மக்கிய எருவிலும் வேப்பம் புண்ணாக்கிலும் கலந்து, விதைப்புக்கு முன்பே மண்ணில் சேர்க்க வேண்டும். பில் இருந்தால், தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குக் கூப்பிடவோ, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகவோ அதுவே நல்ல ஆதாரம். விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோர்தான் என்று உச்ச நீதிமன்றம் 2012-இலேயே சொல்லிவிட்டது.

என்னைக் கேட்டால், பொடியைவிட விதைக்கிழங்குக்குத்தான் பணம் செலவழிக்க வேண்டும். மண் ஒட்டிய மலிவு மூட்டையோடு முட்டைக்கூடு தோட்டத்துக்குள் வந்துவிடும். விதைச் சான்று அட்டை இல்லாத மூட்டையைத் தொடாதீர்கள். முட்டைக்கூடு புழு இருப்பது உறுதியானால், அதைத் தாங்கும் குஃப்ரி ஸ்வர்ணா என்ற உருளை ரகம் கிடைக்குமா என்று ஊட்டி பக்கத்து முத்தோரை உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தில் விசாரியுங்கள். மூன்று நான்கு வருஷம் அந்த நிலத்தில் பூண்டு, முட்டைக்கோஸ் என்று மாற்றிப் போடுங்கள். தக்காளி, கத்தரி கூடாது, அவையும் அந்தப் புழுவுக்குத் தீனிதான்.