தாத்தாவுக்குத் தொழுநோய் இருந்ததைச் சம்பந்தி வீட்டில் சொல்ல வேண்டுமா?

கேள்வி: என் மாமனார் 1960களில் தொழுநோயாளிகளுக்கான டிராஃபல்கர் இல்லத்தில் சில வருடம் சிகிச்சை பெற்றவர். வீட்டில் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டோம். இப்போது என் மகளுக்கு வரன் அமைந்திருக்கிறது. பேத்திக்கும் நோய் வருமா? மாப்பிள்ளை வீட்டில் சொல்லியாக வேண்டுமா? – ஈசூன் வாசகி

பதில்: பேத்திக்கு வராது, அம்மா. தொழுநோய் கிருமியால் வருவது, பரம்பரை நோய் அல்ல. நார்வே மருத்துவர் ஹான்சன் 1873-லேயே அந்தக் கிருமியைக் கண்டுபிடித்துவிட்டார். சிகிச்சை பெறாத நோயாளியுடன் மாதக்கணக்கில் நெருங்கி இருந்தால்தான் மூச்சுத் துளிகள் வழியே தொற்றும். அப்போதும் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் இயற்கையான எதிர்ப்புச் சக்தி உண்டு. கிருமி மெதுவாகப் பெருகுவதால் அறிகுறி தெரிய 20 வருடம்கூட ஆகலாம். ஆனால் உங்கள் மாமனார் குணமாகி அதைவிட அதிகக் காலம் ஓடிவிட்டது.

அப்புறம் ஏன் இவ்வளவு மறைத்தார்கள்? நோயைவிட, ஊர் நடத்திய விதத்துக்குத்தான் பயந்தார்கள். தொழுநோயாளிகளைப் பிரித்து வைக்க இங்கே சிங்கப்பூரில் காலனி ஆட்சியிலேயே சட்டம் இருந்தது. 1930-ல் மலாயாவில் திறந்த சுங்கை பூலோ குடியிருப்பில், நோட்டு வழியே கூடத் தொற்றிவிடும் என்று தனிப் பணமே புழங்க விட்டார்கள். நம்மவர்களோ ‘குஷ்டம்’ என்பதை வசைச்சொல்லாக்கி, முன்வினைப் பயன் என்றார்கள். அப்படிப்பட்ட காலத்தில் வாயை மூடிக்கொண்ட குடும்பத்தை நான் குறை சொல்லவே மாட்டேன்.

1940களில் டாப்சோன் என்ற தொழுநோய் மருந்து வந்தது. 1981-ல் உலகச் சுகாதார நிறுவனம் கூட்டு மருந்தைப் பரிந்துரைத்தது. இப்போது 6 அல்லது 12 மாதம் மாத்திரை, வீட்டிலிருந்தபடியே.

சரி, சொல்ல வேண்டுமா? மருத்துவ ரீதியாக அவசியமே இல்லை. மறைப்பது மனதை உறுத்தினால், நோய்ச் செய்தியாக இல்லாமல் தாத்தாவின் கதையாகச் சொல்லுங்கள். மாமனார் இருக்கிறார் என்றால் முதலில் அவர் சம்மதத்தைக் கேளுங்கள். அது அவர் வாழ்க்கை. அப்படியே அவர் பாதங்களையும் பாருங்கள். நோய் போனாலும் மரத்துப்போன நரம்பு பெரும்பாலும் திரும்பாது. வலி தெரியாமலே புண் ஆழமாகிவிடும். சர்க்கரை நோயாளிக்குப் பார்ப்பதுபோல் தினமும் பார்க்க வேண்டும்.