பாரிஸின் பழைய பஸாஜ்களுக்கு அரை நாள் ஒதுக்கலாமா?

மூன்று நாள் பயணத்தில் பாரிஸின் பஸாஜ் எனப்படும் கூரையிட்ட பழைய கடைவீதிகளுக்கு நேரம் ஒதுக்க வேண்டுமா, அங்கே கடைகளைத் தவிர என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பெற்றோருடன் வருகிறீர்கள் என்று எண்ணிக்கொண்டு சொல்கிறேன்: அவசியம் ஒதுக்குங்கள்.

சென்ற நவம்பரில், புதுச்சேரியில் அஞ்சல் ஊழியராக இருந்து ஓய்வுபெற்ற என் தந்தையை ஒரு சுற்றுலாக் குழுவுடன் அழைத்துச் சென்றேன். அத்தகைய வீதிகளில் ஒன்றான பஸாஜ் தே பனோரமாவின் வாசலில் வழிகாட்டி, "உள்ளே வெறும் கடைகள்தான், பத்து நிமிடம் போதும்" என்றார். 1800ஆம் ஆண்டிலிருந்து மக்கள் நடந்துவரும் ஓர் இடத்தை அப்படித் தள்ளிவிட்டது எனக்கு இன்றும் ஆறவில்லை. பாரிஸ் தெருக்களில் நடைபாதையே அரிதாக இருந்த அக்காலத்தில், சேறும் குதிரைவண்டியும் இல்லாமல் நடப்பதற்கென்றே உருவானவை இந்த வீதிகள். அதைச் சொல்ல இரண்டு நிமிடம் ஆகுமா?

மழை வலுத்ததால் நாங்கள் குழுவை விட்டு உள்ளேயே தங்கிவிட்டோம். கண்ணாடிக் கூரையில் மழை தட்டிக்கொண்டிருக்க, ஓர் அஞ்சல்தலைக் கடையில் அப்பா பிரெஞ்சிந்திய அஞ்சல்தலைகளைக் கேட்டார். கடைக்காரர் இடுக்கியால் எடுத்து வைத்த சிறு அஞ்சல்தலையில் பிரம்மாவின் உருவம். 1914ஆம் ஆண்டு வரிசையைச் சேர்ந்த அதன்மேல், 1923இல் புதிய மதிப்பை ஃபனோன், கஷ் என்ற நாணயக் கணக்கில் கறுப்பு மையில் அச்சிட்டிருந்தார்கள். அப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அஞ்சல்தலையைக் கண்ணருகே கொண்டுபோய், "ஃபனோன் என்றால் நம் பழைய நாணயமான பணம்தான் தம்பி, கஷ் என்றால் காசு. 24 காசு ஒரு பணம், 8 பணம் ஒரு ரூபாய்" என்றார். நான் பிரெஞ்சில் சொன்னதும், கடைக்காரர் இன்னும் இரண்டு தொகுப்புகளைத் திறந்துவைத்தார்.

புதுச்சேரிக்காரர்களுக்குத்தான் இது பெரிது என்று சிலர் சொல்லக்கூடும். அப்படியல்ல, பழைய அஞ்சலட்டையிலோ புத்தகத்திலோ உங்களுக்கென ஒன்று அங்கே அகப்படும். விலை கூடுதல் என்பதை மறுக்கவில்லை, ஆனால் பார்ப்பதற்குக் கட்டணமில்லை.

பனோரமாவிலிருந்து மொன்மார்த்ர் புல்வார் என்ற அகன்ற சாலையைக் கடந்தால் எதிரிலேயே பஸாஜ் ஜூஃப்ருவா. அதன் மறுமுனையில் ஒரு தெருவைத் தாண்டினால் பஸாஜ் வெர்தோ. மூன்றையும் ஒரே நடையில் முடிக்கலாம். ஜூஃப்ருவாவில் வழி திரும்புமிடத்தில் சில படிகள் இறங்க வேண்டும், மூட்டுவலி உள்ளவர்களின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள், பல கடைகள் அன்று பூட்டியிருக்கும்.